கூதிரும் இலையுதிர்காலமும்: மலைநாட்டு மழைப்பருவம் பற்றிய மொழிபெயர்ப்புத் திறனாய்வு

1. முன்னுரை

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு மாதங்களிலும் நீலகிரியின் கிழக்குச் சரிவிலும் பழனிமலையிலும் மழை நாட்கணக்கில் விடாது பெய்யும். இக்காலப்பகுதி ஐரோப்பியப் பருவப் பகுப்பில் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் அடங்கும். வடமொழி மரபில் சரத் எனப்படும். தமிழ் இலக்கண மரபில் கூதிர் எனப்படும். மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தைச் சுட்டுவதால், அவற்றை ஒன்றற்கொன்று நிகரன்களாகக் கொள்ளும் வழக்கம் மொழிபெயர்ப்புகளிலும் பாடநூல்களிலும் நிலைபெற்றுள்ளது. இந்நிகர்ப்பாடு நாட்காட்டி அளவில் பொருந்தும், பொருளளவில் பொருந்தாது. பருவப்பெயர் காலத்தின் ஒரு கூறைச் சுட்டுவதோடு நில்லாது, அக்காலத்தை மக்கள் எவ்வாறு கழிக்க வேண்டியுள்ளது என்பதையும் உட்கொண்டுள்ளது. குறிஞ்சித்திணை மரபையும் நெடுநல்வாடையையும் சான்றாகக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்குவதும், அதனால் மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க முறையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. மூன்று பெயர்கள், மூன்று வானங்கள்

தமிழ் மரபு ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வடமொழி மரபிலும் பருவங்கள் ஆறே. வர்ஷ ருதுவை அடுத்து வரும் சரத், ஆசுவினம், கார்த்திகம் ஆகிய மாதங்களுக்கு உரியது. எண்ணும் வரிசையும் ஒத்திருப்பதால் கூதிரும் சரத்தும் ஒன்றே என்னும் எண்ணம் எளிதில் தோன்றுகிறது.

ஆயின் இவ்விரண்டின் வானமும் முற்றிலும் வேறானது. வடஇந்தியாவில் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் மாதத்தில் பின்வாங்கத் தொடங்குகிறது. அதன் பின்னர் வரும் சரத் தெளிந்த வானுக்கும், நீரற்ற வெண்முகிலுக்கும், வடியும் ஆறுகளுக்கும், நாணற்பூவுக்கும் உரிய பருவம். காளிதாசர் பெயரால் வழங்கும் இருதுசம்காரம் முதலிய நூல்களில் சரத் வருணனை இவ்வடிப்படையிலேயே அமைந்துள்ளது. தமிழ்நாட்டிலோ அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. அங்கு மழை முடிந்த மகிழ்ச்சி. இங்கு மழை மூண்ட அடைப்பு. ஒரே இடத்தில் அமரும் இரு பெயர்கள் எதிரெதிர் வானங்களைக் குறிக்கின்றன.

மொழியியலார் கூறும் குறியுடைமை, குறியின்மை என்னும் கருத்து இங்குப் பயன்படும். சரத்தில் மழையின்மை இயல்பானது, அதாவது குறியற்றது. மழை பெய்யின் அது குறியுற்ற நிகழ்ச்சியாகும். கூதிரில் மழை குறியற்றது. மழை பொய்ப்பதே குறியுற்றது. 2021 அக்டோபர் 17 முதல் 19 வரை உத்தராகண்ட மாநிலத்தின் குமாவுன் மலைப்பகுதியில் பெருமழை பெய்து நிலச்சரிவுகளும் உயிரிழப்புகளும் நேர்ந்தன. முக்தேசுவரில் ஒரே நாளில் 340 மி.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. அது பருவம் தப்பி வந்த மழை. 2009 நவம்பரில் நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரங்களில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவாயிற்று. இங்கு அளவே எதிர்பாராதது, பருவம் எதிர்பார்த்ததே. இவ்விரு நிகழ்ச்சிகளைப் பற்றிய எழுத்துகளையும் 'இலையுதிர்காலத்து மழை' என ஒரே தொடரால் பெயர்த்தால், முன்னதில் உள்ள திடுக்கீடும் பின்னதில் உள்ள பழக்கத்தின் ஏமாற்றமும் ஒருங்கே மறைந்துபோகும்.

இலையுதிர்காலம் என்னும் சொல்லையும் ஆராய வேண்டும். அது மேலைப் பருவக் கருத்தைத் தழுவிய ஆக்கம். குளிர் மிக்க நாடுகளில் இலைகள் நிறம் மாறி உதிர்வதை அடிப்படையாகக் கொண்டது. தமிழகத்தின் உலர் இலையுதிர் காடுகள் தை முதல் பங்குனி வரையிலான வறண்ட மாதங்களிலேயே பெரிதும் இலையுதிர்க்கின்றன. நீலகிரி, பழனி மலைகளின் உயரப் பகுதிகளில் உள்ள சோலைக்காடுகளோ பசுமை மாறாதவை. எனவே தமிழ்நிலத்தின் ஐப்பசிக்கு இலையுதிர்வு அடையாளமாகாது. பொருட்கூறுகளாகப் பகுத்துக் காட்டின், கூதிர் என்பது +மழை, +குளிர், –இலையுதிர்வு. சரத் என்பது –மழை, +தெளிவு, –இலையுதிர்வு. இலையுதிர்காலம் என்பது ±மழை, +குளிர்ச்சி, +இலையுதிர்வு. மூன்றனுள் எவ்விரண்டும் முழுமையாக ஒத்துப்போகவில்லை.

சப்பானிய மொழியில் 'அகிசமே' என ஒரு சொல் உண்டு. 'அகி' என்பது அப்பருவத்தின் பெயர். 'அமே' என்பது மழை. பருவப்பெயரில் மழை அடங்காததால், மழையைத் தனியே சேர்த்துக் கூட்டுச்சொல் ஆக்க வேண்டியுள்ளது. தமிழில் 'கூதிர்மழை' என்பதோ கூறியது கூறலை ஒக்கும். மழையின்றிக் கூதிர் இல்லை.

3. மலைக்குக் கூதிர் என்ற இலக்கணம்

தொல்காப்பியம் முதற்பொருளை வகுக்குமிடத்து, மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரைப் பெரும்பொழுதாகவும் யாமத்தைச் சிறுபொழுதாகவும் கூறுகிறது; முன்பனியும் அதற்கு உரியதாகிறது. மலை, மழைப்பருவம், நள்ளிரவு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் இணைக்கப்பட்டமை தற்செயலானதன்று. இதற்குக் காரணம் கூறும் நச்சினார்க்கினியர், இருள் செறிந்து துளி மிகுவதால் தலைவன் செல்லுதல் அரிதாகிறது என்பதையும், விலங்கும் பறவையும் வெளியே திரியாது துணையொடு தங்குவதால் காமக்குறிப்பு மிகுகிறது என்பதையும் எடுத்துக்காட்டுகிறார்.

இவ்விளக்கத்தில் மழை அழகுக்காக இடம்பெறவில்லை, தடையாக இடம்பெறுகிறது. இரவுக்குறிப் பாடல்களில் தோழி எடுத்துரைக்கும் அச்சங்கள் யாவை? வழுக்கும் பாறைவழி, பெருகிய காட்டாறு, யானை, பாம்பு, இடி, வழி தோன்றாத இருள். இவற்றுட் பல மழையோடு பிணைந்தவை. மழை இல்லையெனில் தலைவனின் வருகைக்கு அருமை இல்லை. அருமை இல்லையெனில் அவன் வருகைக்குச் சான்றாம் தன்மையும் இல்லை. வரைவு கடாவும் தோழியின் வாதத்துக்குக் கூதிர்மழையே பெருந்துணை. 'நீ வருவது இனிது. வரும் வழி கொடிது. ஆதலால் மணந்துகொள்' என்னும் வாதத்தில் நடுவிலுள்ள கூறு பருவத்தால் அமைவது.

ஆங்கில வழித் திணை விளக்கங்களுட் பல கூதிரைக் 'குளிர்காலம்' எனப் பொருள்படும் தொடரால் பெயர்க்கின்றன. இப்பெயர்ப்பில் குளிர் எஞ்சுகிறது, மழை விழுந்துவிடுகிறது. குளிரும் இரவில் வரும் தலைவன் போர்வை ஒன்றைப் போர்த்து வரலாம். மழை பெய்யும் மலையிரவில் வருபவனுக்குப் போர்வை பயன்படாது. கால் வைக்கும் இடமே அவனுக்குச் சிக்கல். ஒரு பொருட்கூறு நீங்கியதால் ஒரு திணையின் வாதமே தளர்ந்துபோவதை இங்குக் காணலாம்.

4. நெடுநல்வாடை: மழையை எதிர்கொள்ளும் நெறிகள்

பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை 188 அடிகளை உடையது, நக்கீரர் பாடியது. உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபின் இப்பாட்டு பரவலாகப் படிக்கப்பெற்றது. இது அகமா புறமா என்னும் விவாதத்தில் ஆய்வாளர் பெரிதும் ஈடுபட்டுள்ளனர். வேலில் வேப்பந்தழை கட்டப்பட்டிருப்பது பாண்டியனைச் சுட்டும் அடையாளப்பூ ஆதலால் இது புறமே என்பது உரையாசிரியர் முடிவு. அவ்விவாதம் ஒருபுறமிருக்க, விடாமழையை மனிதர் எவ்வெவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதை வரிசைப்படுத்திக் காட்டும் பாட்டாக இதனை நோக்குதல் மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்தரும்.

முதலாவது நெறி விலகுதல். பாட்டின் தொடக்கத்தில் கோவலர் வெள்ளத்தை வெறுத்துத் தம் நிரையை வேற்று நிலத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய நிலத்தைப் பிரிந்த வருத்தம் அவர்களுக்கு உண்டு. தலையிற் சூடிய கோடற்பூங்கண்ணி நீர் சொட்டக் கலைகிறது. பலரும் கூடித் தீயில் கைகளைக் காய்ச்சியும் கன்னம் நடுங்குகிறது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, மந்திகள் ஒடுங்குகின்றன, பறவைகள் வீழ்கின்றன, பால் உண்ண வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. குன்றையே குளிர வைப்பது போன்ற நள்ளிரவு என இப்பகுதி முடிகிறது. மலை குளிரைத் தருவது என்பதே பொதுவான எண்ணம். மலையும் குளிருக்கு ஆட்படுகிறது என்பது இங்குள்ள கருத்து.

இரண்டாவது நெறி அடைதல், அதாவது உள்ளே ஒடுங்குதல். நகரத்து மாடங்களில் மேல்தளப் படுக்கைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. சாளரக் கதவுகள் தாழிடப்படுகின்றன. சுருக்கித் தொங்கவிட்ட விசிறியில் சிலந்தி நூல் படர்ந்துள்ளது. சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கிறது. குவிந்த வாய்க் கலத்துத் தண்ணீரை விலக்கி, வாய் அகன்ற தடவு என்னும் தீச்சட்டியின் வெம்மையை நாடுகின்றனர். குளிரால் பண் மாறிய யாழின் நரம்பை மகளிர் தம் மார்பின் வெம்மையால் தடவி இசை கூட்டுகின்றனர். இவை யாவும் சிறு சிறு மாற்றங்கள். பெருஞ்செயல் எதுவும் இல்லை. பொருள்களின் இடத்தையும் பயனையும் மாற்றிக்கொள்வதன்மூலம் நகரம் பருவத்தைக் கழிக்கிறது.

மூன்றாவது நெறி பொருட்படுத்தாமை. கள்ளுண்டு மகிழ்ந்த வலிய உடலினர், தூவும் துளியைப் பாராட்டாது, முன்னும் பின்னும் ஆடை தொங்கத் தெருக்களில் திரிகின்றனர்.

நான்காவது நெறி எதிர்செல்லுதல். பாசறையில் மன்னன் நள்ளிரவிலும் துயிலாது, தூவும் மழையினூடே புண்பட்ட வீரரைக் கண்டு ஆற்றுவிக்கச் செல்கிறான். வாடையில் விளக்குகள் அசைகின்றன. குடை துளியை மறைக்கிறது. கள்ளுண்டாரும் மழையைப் பொருட்படுத்தவில்லை, மன்னனும் பொருட்படுத்தவில்லை. முன்னவர்க்குக் காரணம் மயக்கம்; பின்னவனுக்குக் காரணம் கடமை. புலவர் ஒரே துளியை இருவர்மீதும் விழச் செய்து இவ்வேறுபாட்டைக் காட்டியுள்ளார். குறிஞ்சித் தலைவனின் நெறியும் எதிர்செல்லுதலே என்பது ஒப்புநோக்கத்தக்கது.

இந்நான்கு நெறிகளுள் எதுவும் கைகூடாதவள் அரசி ஒருத்தியே. அவள் அரண்மனை நகரிலேயே மிக நன்றாக அடைக்கப்பட்ட இடம். கட்டிலும் மெத்தையும் சிறந்தவை. மழை அவளைத் தீண்டவில்லை. ஆயினும் பருவம் அவளையே முழுமையாகத் தாக்குகிறது. புறத்தில் அமைந்த ஏற்பாடுகள் யாவும் நிறைவுபெற்ற இடத்தில் அகத்தின் குறை வெளிப்படுவதே பாட்டின் அமைப்பு.

5. 'குளிர்காலம்' எனின் இழப்பது யாது?

கூதிரைக் குளிர்காலம் எனப் பெயர்த்தால் மேற்கண்ட நான்கு நெறிகளும் ஒன்றாகச் சுருங்கும். குளிருக்கு மாற்று வெம்மை ஒன்றே. மழைக்கோ இடம்பெயர்தல், அடைத்துக்கொள்ளுதல், நனைதல் எனப் பல மாற்றுகள் உள்ளன. பாட்டிலுள்ள ஒரு சிறு செய்தி இதனைத் தெளிவாக்கும். நகரத்து மகளிர்க்கு மாலைப்பொழுது வந்ததை அறிய வழியில்லை; பூந்தட்டில் இட்ட பிச்சியரும்பு மலர்ந்து மணப்பதைக் கொண்டு பொழுதை உணர்ந்து விளக்கேற்றுகின்றனர். மனைப்புறாவும் இரவு பகல் அறியாது, இரை தேடச் செல்லாது, கொடுங்கையில் கால் மாற்றி நிற்கிறது. வெறுங்குளிர்காலத்தில் ஞாயிறு மறைவதில்லை. பொழுதை அறியப் பூவின் துணை வேண்டுவதில்லை. நாட்கணக்கில் கவிந்த மழைமுகிலே இச்செயலுக்குப் பொருள் தருகிறது. பெயர்ப்பில் மழை விலகின், பூவைக் கொண்டு பொழுதறிதல் வெறும் அணிநயமாகத் தோன்றும். மூலத்தில் அது தேவையால் பிறந்த அறிவு.

'இலையுதிர்காலம்' எனப் பொருள்படும் சொல்லால் பெயர்ப்பின் இழப்பு வேறு வகையானது. மேலை இலக்கியப் பயிற்சியுடைய படிப்போர்க்கு அச்சொல் முதுமை, மங்கல், முடிவு ஆகிய குறிப்புகளைத் தரும். கூதிரிலோ முசுண்டையும் பீர்க்கும் பூக்கின்றன, நெற்கதிர் முற்றி வளைகிறது, கமுகு காய்க்கிறது. நிலம் செழிக்கும் காலத்தில் மனம் வாடுகிறது என்பதே இங்குள்ள முரண். நிலமும் வாடுகிறது என்னும் குறிப்பைப் பெயர்ப்பு புகுத்திவிட்டால் முரண் கெடும்.

6. சமாளித்தலும் இருத்தலும்

இத்தகைய பருவத்தைக் கழிக்கும் செயலைக் குறிக்க இன்றைய தமிழில் பெருவழக்காக உள்ள வினை 'சமாளி' என்பது. அது வடஇந்திய மொழிகளின் வழிவந்த கடன்சொல். இடர் ஒன்றை அப்போதைக்குக் கையாண்டு கடத்தல் என்னும் பொருளினது. 'தாக்குப்பிடி', 'ஈடுகொடு' ஆகிய தொடர்வினைகள் எதிர்ப்பையும் வலிமையையும் உணர்த்துகின்றன. இலக்கிய வழக்கில் 'ஆற்றுதல்' என்னும் வினை பொறுத்தல், தணித்தல், செய்துமுடித்தல் ஆகிய பொருள்களை ஒருங்கே ஏற்கிறது. அகத்திணை மரபில் 'இருத்தல்' என்பது முல்லையின் உரிப்பொருள். வினைமேற் சென்றவன் வரும்வரை ஆற்றியிருத்தலே அதன் கருத்து.

இச்சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் மொழிபெயர்ப்பாளர் கருத்தூன்ற வேண்டும். நகரத்தார் மழையைச் சமாளிக்கின்றனர் எனலாம். அரசி சமாளிக்கிறாள் எனல் பொருந்தாது. அவளுக்கு இருத்தல் விதிக்கப்பட்டுள்ளது; ஆற்றுதல் இயலவில்லை. புறத்திணை இலக்கணம் இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு செய்தியைத் தருகிறது. கூதிர்ப் பாசறையில் தங்கியிருத்தலைத் தொல்காப்பியம் வாகைத்திணையின் துறைகளுள் வைக்கிறது. போரில் வெல்லுதலுக்கு உரிய திணையில், மழைக்காலத்தில் இருப்பிடம் விட்டகலாது தங்குதலும் இடம்பெறுகிறது. பருவத்தைப் பொறுத்துக் கழித்தலும் வெற்றியே என்னும் கருத்தை இவ்வைப்புமுறையிலிருந்து பெறலாம்.

7. வாழும் வழக்கும் உறவுமொழிகளும்

கூதிர் என்பது வழக்கிறந்த சொல், இன்றைய படிப்போர்க்கு விளங்காது என்னும் மறுப்பு எழலாம். அது முழுமையும் ஏற்கத்தக்கதன்று. தமிழகத்தின் பல வட்டாரங்களிலும் இலங்கைத் தமிழிலும் குளிரைக் 'கூதல்' என்பர். குளிர்ந்த காற்றைக் 'கூதக்காத்து' என்பர். பருவப்பெயர் மறைந்திருப்பினும் அதன் அடிச்சொல் பேச்சில் வாழ்கிறது. 'அடைமழை' என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. செறிதல், அணுகுதல், மூடுதல் ஆகிய பொருள்களைத் தரும் 'அடை' என்பதோடு மழை சேர்ந்து, விடாது பெய்யும் மழையைக் குறிக்கிறது. 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்பது பழமொழி. நெடுநல்வாடை நகரத்தார் மேற்கொண்ட அடைதல் நெறியையும் இச்சொல் படிப்போர்க்கு நினைவூட்ட வல்லது.

உறவுமொழிகளும் இப்பருவத்தை மழையாலேயே அறிகின்றன. கன்னடத்தில் 'முங்காரு' என்பது முன்மழை. 'இங்காரு' என உச்சரிப்புக்கேற்பத் தமிழில் எழுதத்தக்க சொல் பின்மழை. முன், பின் என்னும் அடைகளோடு கார் என்னும் பழஞ்சொல் இரண்டிலும் நிற்கிறது. மலையாளத்தில் இது துலாவர்ஷம். துலாம் மாதத்து மழை என்பது பொருள். இவ்வாறு தென்னக மொழிகள் மழையைப் பெயருக்குள் வைத்திருக்க, தமிழ்ப் பாடநூல்கள் இப்பருவத்தை இலையின் பெயரால் அறிமுகம் செய்யின், குன்னூரிலோ கோத்தகிரியிலோ பயிலும் மாணவர் தம் சாளரத்தின் வெளியே காண்பதும் நூலில் காண்பதும் வேறு வேறாகும். மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதையில் மண்சரிவால் இரயில் நின்றுபோகும் மாதங்களுக்கு உதிரும் இலையின் பெயர் வழங்குவது மொழியின் பார்வைக் குறையாகும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

(அ) கூதிர், சரத், இலையுதிர்காலம் ஆகியவை கால அளவில் நிகரன்கள், பொருட்கூறுகளில் வேறானவை. நாட்காட்டி ஒப்புமையை மட்டும் கொண்டு நிகரன் காணுதல் கூடாது.

(ஆ) சங்க இலக்கியத்தைப் பிறமொழிகளில் பெயர்ப்போர், கூதிரைக் குளிரும் மழையும் இணைந்த பருவமாகக் காட்டும் தொடரை ஆளவேண்டும். ஒரே சொல் கிட்டாவிடில் இருசொற்றொடர் கொள்ளலாம். மழையை விடுதல் ஆகாது.

(இ) வடமொழி, இந்தி நூல்களைத் தமிழாக்குவோர் சரத் என்பதைக் கூதிர் எனப் பெயர்த்தல் தவறு. சரத் என்றே நிறுத்தி, முதல் வருகையில் அதன் தெளிந்த வானைச் சுட்டுதல் நன்று.

(ஈ) மேலைநாட்டு மலைப்பகுதிகளைப் பற்றிய நூல்களில் இலையுதிர்வு பேசப்படுமிடத்து இலையுதிர்காலம் என்பது பொருத்தமே. விடாமழையும் வீட்டடைப்பும் பேசப்படுமிடத்துக் கூதிர், அடைமழைக் காலம் ஆகிய சொற்கள் தமிழ்ப் படிப்போரின் பட்டறிவைத் துணைக்கழைக்கும். இரண்டும் ஒருங்கே வருமிடத்து 'இலையுதிர்காலத்து அடைமழை' என விரித்தல் தகும்.

மழை நீடிக்கும் மலையில் ஒருவர் விலகுகிறாரா, அடைந்திருக்கிறாரா, பொருட்படுத்தாது திரிகிறாரா, எதிர்சென்று நனைகிறாரா என்பது அவரைப் பற்றிய செய்தி. அதனை மூலநூல் கூறுகிறதெனில், பெயர்ப்பும் கூறவேண்டும். அதற்கு முதற்படி, பருவத்தின் பெயரில் மழையை நிற்கவிடுதல்.